தன்னோடு தன்னை ஒப்பிடும் கணக்கு

“பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார், எப்படி மதிப்பெண் வாங்குகிறாள்!” என்னும் சொல்லைக் கேளாத மாணவி நம் பள்ளியில் ஒருத்தியேனும் உண்டா? பெற்றோர் மன்னிக்க வேண்டும், இந்த ஒப்பீட்டில் ஒரு பெருங்குறை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் நமக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் சில, தெரியாதவை பல. வீட்டில் படிக்க இடம் உண்டா, தண்ணீர் எடுக்கும் வேலை யாருக்கு, அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்பன எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை. அவளை நம்மோடு ஒப்பிடுவதைவிட, சென்ற ஆண்டு இருந்த நம்மை இந்த ஆண்டு இருக்கும் நம்மோடு ஒப்பிடுவதே நேர்மை. இந்த எளிய எண்ணத்தைத்தான் பொருளியல் அறிஞர்கள் ஒரு கணக்கு முறையாக வகுத்து, ‘நிலை விளைவுத் தொடர்புப் போக்கு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயரின் நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வரும் நேர்க்கோட்டுச் சமன்பாடும், சராசரியிலிருந்து விலக்கம் காணும் வழியும் தெரிந்தால் போதும்.

மதிப்பெண்ணை இத்துடன் விட்டு வயலுக்குப் போவோம். இந்த முறை வளர்ந்ததும் வயலிலேதான். 1961ஆம் ஆண்டு யாயிர் முண்ட்லாக் என்னும் இஸ்ரேலியப் பொருளியலார், தம் நாட்டுக் குடும்பப் பண்ணைகளின் பல ஆண்டுக் கணக்குகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருக்கு இருந்த தொல்லை நம் ஊர் உழவர் எவருக்கும் விளங்கும். ஒரே அளவு நிலம், ஒரே விதை, ஒரே உரம், ஆனால் ஒருவருக்கு விளைகிறது, மற்றவருக்கு விளையவில்லை. காரணம் உழவரின் கைத்திறன். அந்தத் திறனை எந்தப் படியால் அளப்பது? அளக்க முடியாததை அளக்காமலே கணக்கிலிருந்து நீக்கும் வழியை அவர் காட்டினார். ஒரு பண்ணையின் திறன் சில ஆண்டுகளுக்குள் பெரிதாக மாறாது என்று கொண்டால், அப்பண்ணையை அதனோடேயே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது திறன் இருபக்கமும் சமமாக நின்று கழிந்துபோகும் அன்றோ!

நம் முசிறியை எடுத்துக்கொள்வோம். தெற்கே காவிரி. அக்கரையில் குளித்தலை. கரையோரத்தில் நெல், வாழை, வெற்றிலை, பாய் முடையும் கோரை. ஆற்றை விட்டு வடக்கே போகப் போகத் தரை மேடாகிறது. அங்கே சோளமும் நிலக்கடலையும் சின்ன வெங்காயமும் கிணற்றையும் மழையையும் நம்பி நிற்கின்றன. எங்கள் வகுப்பில் இரு பக்கத்துப் பெண்களும் ஒரே பெஞ்சில் அமர்கிறோம். மேட்டு நிலத்தார் உரத்தை வாங்கிக் கொட்டுகிறார்கள், விளைச்சலோ ஆற்றோரத்தாரைவிடக் குறைவு, உரம் வீண் என்று பெரியவர்கள் பேருந்தில் பேசிக்கொள்வதுண்டு. மேட்டூர்ப் பெண்களுக்கு இது தங்கள் தந்தையரின் அறிவையே குறை சொல்வதாகும். பேச்சோடு போனால் பரவாயில்லை. இதே எண்ணத்தோடு ஓர் அதிகாரி கடனையும் மானியத்தையும் நிறுத்தினால் ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானை கவிழ்ந்துவிடும்.

கைக்கு எளிதாக இருக்கும் பொருட்டு மூன்று வயல்களை நாங்களே கற்பனையாகப் படைத்துக்கொண்டோம். எண்களும் கற்பனையே. ஏக்கருக்கு இட்ட உர மூட்டைகள் முதல் எண், கிடைத்த நெல் மூட்டைகள் அடுத்த எண். மூன்று ஆண்டுக் கணக்கு இது.

ஆற்றோர வயல்: 1க்கு 36, 2க்கு 38, 3க்கு 40.
நடு வயல்: 2க்கு 30, 3க்கு 32, 4க்கு 34.
மேட்டு வயல்: 3க்கு 24, 4க்கு 26, 5க்கு 28.

முதலில் வயல் எது என்பதையே மறந்து, ஒன்பது சோடி எண்களையும் ஒரே மூட்டையாகக் கட்டுவோம். உரத்தின் சராசரி 3, நெல்லின் சராசரி 32. ஒவ்வோர் எண்ணுக்கும் விலக்கம் கண்டு, உர விலக்கத்தையும் நெல் விலக்கத்தையும் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது –24. உர விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 12. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதே கோட்டின் சாய்வு, அதாவது –2. ஒரு மூட்டை உரம் கூடினால் இரண்டு மூட்டை நெல் குறையும் என்று கணக்கு சொல்கிறது! பேருந்தில் கேட்ட பேச்சும் இதுதான்.

இப்போது ஒவ்வொரு வயலையும் தனித்தனியே பாருங்கள். எந்த வயலை எடுத்தாலும் ஒரு மூட்டை உரம் கூடிய ஆண்டில் இரண்டு மூட்டை நெல் கூடியிருக்கிறது. ஆற்றோர வயலின் சராசரி உரம் 2, சராசரி நெல் 38. அந்தச் சராசரிகளை அந்த வயலின் எண்களிலிருந்து மட்டும் கழித்தால் உர விலக்கம் –1, 0, 1. நெல் விலக்கம் –2, 0, 2. நடு வயலுக்கும் மேட்டு வயலுக்கும் அவற்றவற்றின் சராசரியைக் கழித்தாலும் இதே எண்கள்தாம் வரும். பெருக்கிக் கூட்டினால் 12, வர்க்கங்களின் கூட்டல் 6. சாய்வு +2. ஒரே ஒன்பது எண்கள், ஆனால் விடை தலைகீழாகிவிட்டது. உரம் வீண் போகவில்லை. மண் வளம் குறைந்த இடத்தில் உரம் கூடுதலாக இடப்படுவதால், மண்ணின் குறை உரத்தின் மேல் பழியாக விழுந்திருந்தது.

நேர்க்கோட்டுச் சமன்பாட்டில் சாய்வு என்றும் வெட்டுத்துண்டு என்றும் இரண்டு உண்டு. நிலை விளைவு முறையில் எல்லா வயலுக்கும் சாய்வு ஒன்றே. வெட்டுத்துண்டு மட்டும் வயலுக்கு வயல் வேறு. எங்கள் மூன்று வயல்களுக்கும் அவை முறையே 34, 26, 18. வரைபடத் தாளில் போட்டால் மூன்று இணைகோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக அழகாக நிற்கும். அந்த வெட்டுத்துண்டுதான் ‘நிலை விளைவு’. வண்டல் மண், வாய்க்கால் மடைக்கு உள்ள தூரம், உழவரின் திறன் என மாறாத அனைத்தும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. எங்கள் கற்பனை எண்கள் கோட்டின் மேலேயே அமர்ந்திருக்கின்றன. உண்மை வயலின் புள்ளிகள் அப்படிப் பணிந்து அமரமாட்டா. அவை கோட்டைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும்.

இவ்வாறு பல வயல்களை, அல்லது பல குடும்பங்களை, அல்லது பல மாவட்டங்களை, ஒவ்வொன்றையும் பல முறை கண்டு எழுதிய கணக்கைப் ‘பேனல்’ புள்ளிவிவரம் என்பார்கள். ஒரே முறை ஊரெல்லாம் சுற்றி எழுதினால் பேனல் ஆகாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அடுப்பில் ஒரே நேரம் வெந்த சோற்றுக்குப் பொருந்தும். ஊருக்கு ஊர் அடுப்பு வேறாயிற்றே!

ஒன்பது எண்களுக்குக் காகிதம் போதும். ஒன்பதாயிரம் வந்தால் கணிப்பொறி வேண்டும். ஸ்டேட்டா என்னும் மென்பொருள் இத்துறையில் புகழ்பெற்றது, ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஆர் என்பது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் தொடங்கிய இலவச மென்பொருள். அதில் ‘பிஎல்எம்’ என்னும் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் இக்கணக்கைச் செய்யும். கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிரமம். முதன்முதலில் பழகுவோர்க்கு எங்கள் பரிந்துரை கிரெட்டில் என்பதே. இதுவும் இலவசம். அமெரிக்காவின் ஆலின் காட்ரெல், இத்தாலியின் ரிக்கார்டோ லுக்கெட்டி ஆகிய பேராசிரியர்கள் ஆக்கியது. பழைய கணிப்பொறியிலும் ஓடும், பட்டியலைச் சொடுக்கியே வேலையை முடிக்கலாம்.

அட்டவணையை எப்படி அடுக்குவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒரு வயலுக்கு ஒரு வரி என்று எழுதி, ஆண்டுகளைப் பக்கவாட்டில் நீட்டுவது நம் வழக்கம். மென்பொருளுக்கு அது ஆகாது. ஒரு வயலின் ஓர் ஆண்டுக்கு ஒரு வரி வேண்டும். ஆகவே மூன்று வயலுக்கு ஒன்பது வரி. முதல் நிரலில் வயலின் எண், இரண்டாவதில் ஆண்டு, மூன்றாவதில் உரம், நான்காவதில் நெல். வயலின் பெயரை ஓரிடத்தில் ‘மேட்டு வயல்’ என்றும் மற்றோரிடத்தில் ‘மேட்டுவயல்’ என்றும் எழுதினால் கணிப்பொறி இரண்டு வயல் என்றே கொள்ளும். எனவே எண் கொடுப்பதே நல்லது.

கிரெட்டிலில் இந்த அட்டவணையைத் திறந்ததும், ‘டேட்டா’ பட்டியலில் தரவின் அமைப்பைக் கேட்கும் இடத்துக்குப் போய்ப் பேனல் என்று தெரிவிக்க வேண்டும். வயல் எண் எந்த நிரல், ஆண்டு எந்த நிரல் என்று கேட்கும். சொல்லிவிட்டால் அது நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு ‘மாடல்’ பட்டியலில் ‘பேனல்’ என்பதன் கீழ் நிலை விளைவைத் தேர்ந்தெடுத்து, விளக்கப்பட வேண்டியது நெல், விளக்குவது உரம் என்று குறித்தால், கண் இமைப்பதற்குள் விடை வந்துவிடும். எங்கள் அட்டவணைக்கு உரத்தின் எதிரே 2 என்றும், மாறிலியின் எதிரே 26 என்றும் வரும். அந்த 26 என்ன? 34, 26, 18 ஆகிய மூன்று வெட்டுத்துண்டுகளின் சராசரி.

ஆற்றோரம் என்றால் 1, மேடு என்றால் 0 என்று இன்னொரு நிரலைச் சேர்த்து, ஆற்றோரமாக இருப்பதன் பயன் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். மென்பொருள் அந்த நிரலை விட்டுவிட்டதாக அறிவித்துவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் விடை தரும். இதைப் பழுது என்று எண்ண வேண்டாம். வயல் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவதில்லை. சராசரியைக் கழித்தால் அந்த நிரலில் எஞ்சுவது சுழியம் மட்டுமே. வெறும் சுழியத்திலிருந்து யார்தான் விடை காண முடியும்? மாறாதவற்றின் தொல்லையிலிருந்து விடுதலை தரும் இம்முறை, அதற்கு விலையாக மாறாதவற்றைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அதே சாளரத்தில் இரண்டு பெட்டிகளைக் காணலாம். ஒன்று ஆண்டு விளைவுக்கு உரியது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பொய்த்ததும், 2017 சனவரியில் தமிழக அரசு மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்ததும் பெற்றோர்க்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு எந்த வயலில் விளைச்சல் குறைந்தாலும் உரத்தையோ உழவரையோ நோவதில் பொருளில்லை. எல்லோருக்கும் பொதுவாக வந்த இத்தகைய இடரை ஆண்டுக்கு ஒரு வெட்டுத்துண்டு வைத்து நீக்கலாம். பெட்டியில் குறியிட்டால் மென்பொருளே செய்துவிடும். ஆனால் வறட்சி எல்லா வயலையும் ஒரே அளவில் வாட்டுவதில்லை. கிணறு ஆழமானவர் தப்பிப்பார். அந்த வேறுபாடு இதனால் நீங்காது.

மற்றொரு பெட்டி திட்டப்பிழையைப் பற்றியது. சாய்வு 2 என்ற விடை எவ்வளவு உறுதியானது என்பதற்கு அளவுகோல் திட்டப்பிழை. அது சிறியதாக இருந்தால் விடையை நம்பலாம். ஆனால் ஒரே வயலின் மூன்று ஆண்டு வரிகள் மூன்று தனித்தனிச் சாட்சிகள் அல்ல. இந்த ஆண்டு பூச்சி விழுந்த வயலில் அடுத்த ஆண்டும் அதன் மிச்சம் இருக்கும். ஒரே வீட்டார் மூவர் வந்து சொல்லும் சாட்சியை நீதிபதி மூன்றாக எண்ணுவாரா? எண்ணக் கூடாது என்று மென்பொருளுக்குச் சொல்வதே அந்தப் பெட்டி. பல பத்து வயல்கள் இருந்தால்தான் அது பயன்படும். எங்கள் மூன்று வயல்களுக்குக் குறியிடுவது வீண். ‘தற்செயல் விளைவு’ என்று இதற்கு ஓர் உறவினரும் அதே சாளரத்தில் உண்டு. மறைந்திருக்கும் மண் வளத்துக்கும் இடும் உரத்துக்கும் தொடர்பே இல்லை என்று அவர் நம்புகிறார். நம் கதையில் அது பொருந்தாது.

இனி உண்மைக் கணக்குக்கு வருவோம். நம் பக்கத்திலேயே புகழ்பெற்ற பேனல் ஒன்று இருக்கிறது என்பது தோழியர் பலர் அறியாதது. வெங்கடேஷ் ஆத்ரேயா என்னும் நம் நாட்டுப் பொருளியலாரும், ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோரன் யூர்ஃபெல்ட், ஸ்டஃபான் லிண்ட்பெர்க் ஆகியோரும் 1979–80இல் பழைய திருச்சி மாவட்டத்தின் ஆறு ஊர்களில் உழவுக் குடும்பங்களைக் கண்டு கணக்கெடுத்தார்கள். காவிரிப் பாசன ஊர்களும் வறண்ட மேட்டு ஊர்களும் அவற்றில் இருந்தன. அந்த ஆய்வு 1990இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2004–05இல், மேலும் சில ஆய்வாளர்களுடன் அதே ஊர்களுக்குத் திரும்பி அதே குடும்பங்களைத் தேடிச் சென்றார்கள்! முதல் முறை பேசியபோது தொட்டிலில் கிடந்த குழந்தை இரண்டாம் முறை வீட்டுத் தலைவராக நின்றிருக்கக் கூடும்.

இரண்டே சுற்றுகள் இருந்தால் நிலை விளைவுக் கணக்கு இன்னும் எளிது. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் போதும், சராசரி காண்பதும் கழிப்பதும் அதே விடையைத்தான் தரும். ஆனால் கழிப்பதற்கு முன் ஒரு கேள்வி எழுகிறது. ‘அதே குடும்பம்’ என்பது யார்? தந்தை காலமாகி, மூன்று மகன்கள் நிலத்தைப் பங்கிட்டு, ஒருவர் ஊரிலும் ஒருவர் திருப்பூரிலும் ஒருவர் வளைகுடா நாட்டிலும் இருந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? ஊரை விட்டே போனவர்கள் பேனலிலிருந்து மறைகிறார்கள். நொடித்துப் போனவர்களும் போயிருக்கலாம், செழித்தவர்களும் போயிருக்கலாம். இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டால் விடை ஒரு பக்கம் சாயும். எந்த மென்பொருளிலும் இதற்குப் பெட்டி கிடையாது. கால் நடையாகத் தேடுவதுதான் வழி. பெண்களாகிய எங்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. திருமணமாகி வேறூர் சென்ற மகள் எந்தக் குடும்பத்தின் வரியில் எழுதப்படுவாள்?

இம்முறைக்கு மிகப் பெரிய எதிரி, வயலுக்குள்ளேயே ஆண்டுக்கு ஆண்டு மாறும் மறைபொருள்தான். வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்பிய ஆண்டில் தந்தை உரமும் கூடுதலாக வாங்குவார், ஆழ்குழாய்க் கிணறும் தோண்டுவார். நெல் கூடியது எதனால்? கிணறு அட்டவணையில் இல்லையெனில் அதன் புகழ் முழுதும் உரத்துக்குப் போய்விடும்.

அணைகளைப் பற்றிய ஆய்வு ஒன்றில் இத்தொல்லையை எதிர்கொண்ட விதம் கருதத்தக்கது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து கீழே உள்ள நமக்கு அணை என்றால் நன்மையாகவே தோன்றும். எஸ்தர் டூஃப்லோ, ரோகிணி பாண்டே என்னும் இரு பெண் பொருளியலார் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இந்திய மாவட்டங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, ஒவ்வொரு மாவட்டத்தையும் அதனோடேயே ஒப்பிட்டார்கள். அதுவும் போதாது, ஏனெனில் ஓரிடத்தில் அணை எழும் காலத்தில் வேறு பல மாற்றங்களும் வரும். ஆகவே ஆற்றின் சரிவு எங்கே அணை கட்ட ஏற்றது என்ற நில அமைப்பையும் துணைக்கொண்டார்கள். அணைக்குக் கீழுள்ள மாவட்டங்களில் விளைச்சல் கூடி வறுமை குறைந்தது என்றும், அணை அமைந்த மாவட்டத்திலோ வறுமை கூடியது என்றும் கண்டார்கள். நாட்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த இரண்டாவது செய்தி வெளிப்பட்டிராது. டூஃப்லோ 2019இல் வேறு பணிகளுக்காக நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் மாவட்டத்தை வைத்து யாரேனும் கணக்குப் போட விரும்பினால் ஓர் எச்சரிக்கை. ‘திருச்சி’ என்று அட்டவணையில் எழுதியிருப்பது எல்லா ஆண்டும் ஒரே திருச்சி அன்று. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. 1995இல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. பெரம்பலூரிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடியும் பிரிந்தது. 1994க்கும் 1996க்கும் இடையே திருச்சியின் பயிர்ப் பரப்பு சரேலென்று குறைந்ததாக அட்டவணை காட்டினால், உழவர் உழவை விட்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது. வயல்கள் அங்கேயேதான் இருக்கின்றன, வரைபடத்தின் கோடு நகர்ந்திருக்கிறது. ஐதராபாத்துக்கு அருகிலுள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் இதற்காகவே பின்னாளில் பிரிந்த மாவட்டங்களின் எண்களைத் தாய் மாவட்டத்தோடு சேர்த்து, 1966ஆம் ஆண்டு எல்லைப்படி ஒரு தொகுப்பு அமைத்து எவரும் எடுத்துப் பயன்படுத்த வைத்திருக்கிறது. அண்மை ஆண்டுகளுக்குத் தமிழக அரசின் பொருளியல், புள்ளியியல் துறை வெளியிடும் பருவ, பயிர் அறிக்கை உதவும்.

விடுமுறையில் முயல விரும்பும் தோழியர், எங்கள் ஒன்பது வரிகளை முதலில் கையால் போட்டு +2 வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கிரெட்டிலில் போடுங்கள். அடுத்து மேட்டு வயலின் கடைசி எண்ணை மட்டும் 28இலிருந்து 22 ஆக மாற்றி, சாய்வு 2இலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று காணுங்கள். விடை 1 வர வேண்டும்.